மூலிகைச் சாறும் பாக்டீரியாவும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் இருப்புப்பாதையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்துள்ள ஊர் தனுவச்சபுரம். கேரள மாநிலத்தின் தென்கோடிக் கிராமங்களுள் இதுவும் ஒன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலூகாக்கள் அன்றைய சென்னை இராச்சியத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்ததேயன்றி, வேலியோரத்துச் செடிகொடிகளிலோ, அவற்றை அரைத்தும் காய்ச்சியும் நோய்க்குக் கொடுத்து வந்த வைத்தியர்களின் வழக்கத்திலோ விழவில்லை. அகத்தியமலையில் பிறந்து பூவாறு அருகே கடலில் கலக்கும் நெய்யாற்றின் இரு மருங்கிலும் சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்பதைக் காணலாம். ஆடாதொடை, நொச்சி, முருங்கை, கொடிவேலி, கீழாநெல்லி, மஞ்சள் என்று தோட்டத்திலும் வரப்பிலும் வளரும் மூலிகைகளுக்குக் குறைவில்லை.

இம்மூலிகைகளுக்கு நோய் விளைவிக்கும் பாக்டீரியாக்களை ஒடுக்கும் திறன் உண்டா என்று சோதித்தறியும் முயற்சி நம் நாட்டில் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. பெரிய ஆராய்ச்சிச்சாலைகளில் மட்டுமன்றி, கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளிலும் பள்ளிக் கண்காட்சிகளிலும் இன்று இது விருப்பமான பொருளாகிவிட்டது. தட்டில் ஒரு தெளிந்த வட்டம் தோன்றுகிறது. 'மூலிகை கிருமியைக் கொன்றது' என்ற செய்தி ஊரெங்கும் பரவுகிறது. அந்த வட்டம் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைக் கிராமங்களில் பணியாற்றும் அலுவலர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் காயம்பட்ட ஒருவர் பச்சிலையோடு நிற்பதா, ஆஸ்பத்திரிக்குச் செல்வதா என்று கேட்கும்போது முதலில் விடை கூற வேண்டியவர்கள் அவர்களே.

செடியின் பெயர்

சோதனையின் முதற்படி சோதனைச்சாலையில் நிகழ்வதன்று. செடியைப் பறிக்கும் இடத்தில் நிகழ்வது. பல ஆராய்ச்சிகள் இங்கேயே வழுக்கி விழுகின்றன.

எல்லைப்புறக் கிராமங்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். தமிழ் வழக்கில் 'கருநொச்சி' என்பது ஜஸ்டீசியா ஜெண்டருசா என்னும் சிறு புதர்ச் செடியைக் குறிக்கும். மலையாளத்தில் அதே செடிக்கு 'வாதங்கொல்லி' என்று பெயர். மலையாளத்தில் 'கரிநொச்சி' என்றாலோ அது வைடெக்ஸ் நெகுண்டோ. அதாவது தமிழர் வெறுமனே 'நொச்சி' என்று வழங்கும் மரவகை. பாறசாலைச் சந்தையில் கருநொச்சி கேட்பவருக்கு எது கிடைக்கும் என்பது கேட்பவரின் தாய்மொழியையும் விற்பவரின் தாய்மொழியையும் பொறுத்தது. இவை இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் இரசாயனப் பொருள்களும் வேறு. ஆடாதொடையிலும் இப்படியே. கேரள வைத்தியர்கள் சிலர் சிற்றாடலோடகம் என்னும் சிறிய இனத்தையே சிறந்ததாகக் கொள்வர். வேலிகளில் மிகுதியாகக் காணப்படுவது பெரிய இனம். பிரம்மி என்ற பெயர் தெற்கே நீர்ப்பிரம்மியையும், வடநாட்டில் பல இடங்களில் வல்லாரையையும் குறிக்கிறது. அகராதியைப் பார்த்து இந்தச் சிக்கலைத் தீர்க்க இயலாது. அகராதியே சில சமயம் சிக்கலுக்குக் காரணமாகிறது.

ஆகவேதான் சோதனைக்கு எடுக்கும் செடியின் பூவும் காயும் உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, சான்று மாதிரியாகப் பாதுகாக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் வற்புறுத்துகின்றனர். பறித்த இடம், தேதி, நிலத்தின் தன்மை, உள்ளூர்ப் பெயர், அப்பெயரைச் சொன்னவர் பேசிய மொழி ஆகியவை அதன்கீழ் எழுதப்பட வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல நிலையம், 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் போன்ற இடங்களில் இத்தகைய உலர்தாவரத் தொகுப்புகள் உள்ளன. சான்று மாதிரி இல்லாத சோதனையின் முடிவு எந்தச் செடியைப் பற்றியது என்பதைப் பின்னால் வருபவர் எவரும் அறிய வழியில்லை.

சோதனை நடைபெறும் விதம்

1928ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்ஸாண்டர் பிளெமிங் தம் தட்டில் பூஞ்சணத்தைச் சுற்றி பாக்டீரியா வளராத இடத்தைக் கண்டதும், அதிலிருந்து பெனிசிலின் பிறந்ததும் யாவரும் அறிந்தவை. பெனிசிலினின் வெற்றி, பச்சைத் தாவரங்களிலும் அத்தகைய பொருள் இருக்குமோ என்ற ஆவலைக் கிளப்பியது. 1943இல் இங்கிலாந்தில் ஆஸ்பார்ன் என்ற பெண்மணி சுமார் 2,300 தாவர இனங்களின் சாற்றைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கவல்லிடோ, பெய்லி ஆகிய இருவர் பூண்டிலிருந்து அல்லிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். நம் நாட்டிலும் அதே பத்தாண்டுகளில் வேலை தொடங்கியது. பின்னர் இலட்சுமணபுரியில் 1951இல் நிறுவப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இந்தியத் தாவரங்களை வரிசை வரிசையாகச் சோதித்து, 1968ஆம் ஆண்டு முதல் அம்முடிவுகளைத் தொடராக வெளியிட்டது.

இன்று பெரும்பாலான இடங்களில் கையாளப்படும் முறை எளிதானது. இலையையோ வேரையோ நிழலில் உலர்த்திப் பொடித்து, நீர், எரிசாராயம், ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்தோ காய்ச்சியோ அதன் சாரத்தை இறக்குவர். கரைப்பானை ஆவியாக்கிய பின் எஞ்சும் பிசின் போன்ற பொருளே 'வடிசாரம்' எனப்படும். ஆகார் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கூழ்ப்பொருள். சத்துப் பொருள்கள் கலந்த ஆகாரைத் தட்டில் ஊற்றி இறுகவைத்து, அதன்மேல் குறிப்பிட்ட பாக்டீரியாவைச் சீராகத் தடவுவர். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள தாள்வில்லையை வடிசாரத்தில் நனைத்து உலர்த்தி மேலே வைத்து, சுமார் 35 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஓர் இரவு முழுதும் விட்டுவிடுவர். மறுநாள் காலையில் பாக்டீரியா வளர்ந்த இடம் மங்கலாகவும், தடுக்கப்பட்ட இடம் வில்லையைச் சுற்றித் தெளிவாகவும் காணப்படும். அத்தெளிவு வட்டத்தின் குறுக்களவு மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது.

வில்லையின் அகலமும் இந்த அளவில் அடங்கும். ஆகவே '6 மில்லிமீட்டர்' என்று அறிக்கையில் கண்டால் ஒன்றுமே நிகழவில்லை என்பது பொருள். 7 மில்லிமீட்டர் என்றால் வில்லையின் விளிம்பைச் சுற்றி நகக்கீற்று அளவே தெளிந்தது. பத்திரிகைச் செய்திகளில் இந்த நுட்பம் பெரும்பாலும் காணாமற் போய்விடுகிறது.

முருங்கையின் வரலாறு

இவ்வகை ஆராய்ச்சி எப்படி நடக்கிறது, எங்கே திரும்புகிறது என்பதை அறிய முருங்கையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. தென்னாட்டில் முருங்கையில்லாத கொல்லை இல்லை. 'மோரிங்கா' என்ற அதன் தாவரவியல் பெயரே நம் சொல்லிலிருந்து பிறந்தது. அதன் வேர் கடுகைப்போல் காரமானது. ஆங்கிலேயர் தம் நாட்டுக் காரக்கிழங்கு ஒன்றுக்குப் பதிலாக முருங்கை வேரைத் துருவி இறைச்சியுடன் உண்டதும் உண்டு.

1946ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஆர். ஆர். ராவ், எம். ஜார்ஜ், கே. எம். பண்டாலை ஆகிய மூவர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். முருங்கையில் பாக்டீரியாவைத் தடுக்கும் பொருள் ஒன்று இருப்பதாகவும், அதற்கு 'டெரிகோஸ்பெர்மின்' என்று பெயரிடுவதாகவும் அக்குறிப்பு கூறியது. 'சிறகுள்ள விதை' என்று பொருள்படும் முருங்கையின் பழைய தாவரவியல் பெயரிலிருந்து அமைந்த பெயர் அது. போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. பெனிசிலின் கப்பலில் வரவேண்டிய காலம். நம் நாட்டில் பெனிசிலின் உற்பத்திக்கென்று பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலை ஏற்பட்டதே 1954இல்தான். கொல்லைப்புறத்து மரத்தில் அத்தகைய மருந்து கிடைக்குமென்றால் அதன் மதிப்பு எத்தகையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தொடர்ந்து பி. ஏ. குருப், பி. எல். நரசிம்ம ராவ் ஆகியோர் 1950களில் அப்பொருளைத் தூய்மைப்படுத்துவது, அதன் இரசாயன அமைப்பை அறிவது, எந்தெந்தப் பாக்டீரியாவை எவ்வளவில் தடுக்கிறது என்று காண்பது ஆகிய வேலைகளில் முனைந்தனர். அவர்களது கட்டுரைகள் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பத்திரிகையிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகையிலும் வரிசையாக வெளிவந்தன. பென்சைல் ஐஸோதயோசயனேட் என்னும் காரப்பொருளின் இரண்டு மூலக்கூறுகள் குயினோன் ஒன்றுடன் இணைந்து உண்டானதே டெரிகோஸ்பெர்மின் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கால் நூற்றாண்டு கழித்து வேறொரு செய்தி வந்தது. 1981இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஐலெர்ட், வோல்டர்ஸ், நார்ஸ்டெட் ஆகியோர் முருங்கை விதைகளைப் புதிய கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். விதையின் பாக்டீரியாத் தடைத் திறனுக்குக் காரணம் சர்க்கரைக் கூறு ஒன்று ஒட்டிய பென்சைல் ஐஸோதயோசயனேட் என்று கண்டனர். டெரிகோஸ்பெர்மின் அவர்களுக்கு அகப்படவில்லை. முதலில் ஆராய்ந்தவர்கள் வேரைக் கையாண்டவர்கள். பின்னவர்கள் விதையைக் கையாண்டவர்கள். ஆதலால் ஒருவர் சொன்னது மற்றவரால் முற்றிலும் தள்ளுபடியாகிவிட்டது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் பல புத்தகங்கள் 1946ஆம் ஆண்டுச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, 1981ஆம் ஆண்டுச் செய்தியை அறியாதவைபோல் இன்றும் எழுதிவருகின்றன. மூலிகைகளைப் பற்றிய எழுத்தில் இது பழகிப்போன குறை. நல்ல செய்தி உடனே அச்சாகிறது. அதைத் திருத்தும் செய்தி தங்கிவிடுகிறது.

முருங்கையில் தடைத்திறன் உண்டு என்பதில் ஐயமில்லை. அது மருந்தாக ஏன் ஆகவில்லை? ஐஸோதயோசயனேட்டுகள் பாக்டீரியாவை மட்டும் தேர்ந்து தாக்குபவையல்ல. மனிதனின் திசுக்களையும் தாக்கக்கூடியவை. கடுகுப் பற்றை நெடுநேரம் வைத்தால் தோல் கொப்புளிப்பதைப் பலரும் கண்டிருப்பர். அரைத்த முருங்கை வேரும் அதையே செய்யும். அதன் வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மையுள்ள வேறு பொருள்களும் உள்ளன. கீரையும் காயும் உணவு, வேர் உணவன்று.

அரைப்பதும் காய்ச்சுவதும்

மற்றொரு செய்தியையும் முருங்கையிலிருந்தே கற்கலாம். முழு வேரில் அந்தக் காரப்பொருள் இல்லை. குளுக்கோசினோலேட் என்னும் சாதுவான பொருள் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்னும் நொதி மற்றோர் அறையிலுமாகத் தாவரத்தின் உடலில் பிரிந்திருக்கின்றன. வேரை நசுக்கும்போது அறைச்சுவர்கள் உடைந்து இரண்டும் நீரில் கலக்கின்றன; அப்பொழுதுதான் காரப்பொருள் உண்டாகிறது. வேரை நசுக்குவதற்கு முன்பே கொதிநீரில் இட்டுவிட்டால் நொதி அழிந்துபோகும், காரம் பிறப்பதில்லை. பூண்டின் அல்லிசினும் இத்தகையதே. உரிக்காத பூண்டு மணப்பதில்லை. நசுக்கிய பூண்டு அடுத்த வீடுவரை மணக்கும்.

எனவே பச்சையாக அரைத்த விழுதும், அதே வேரைக் காய்ச்சி இறக்கிய கஷாயமும் இரசாயன முறையில் இரண்டு வேறு மருந்துகள். வைத்தியர் 'அரைத்துப் பூசுக' என்று சொன்னதை ஆராய்ச்சியாளர் எட்டு மணி நேரம் எரிசாராயத்தில் காய்ச்சிவிட்டு, 'இம்மூலிகையில் சத்தில்லை' என்று எழுதினால், குற்றம் மூலிகையுடையதன்று. சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மையார் மலேரியா மருந்தாகிய ஆர்டெமிசினினைக் கண்டறிந்த கதையும் இதையே காட்டும். பழஞ்சுவடி ஒன்று, செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை; நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லிற்று. வெப்பத்தில் சத்து அழிகிறதோ என்று ஐயுற்ற அவர், 1971இல் தாழ்ந்த உஷ்ணத்தில் ஈதரைக் கொண்டு சாரத்தை இறக்கி வெற்றி கண்டார். 2015ஆம் ஆண்டு நோபெல் பரிசும் பெற்றார். மலேரியாக் கிருமி பாக்டீரியா அன்று. எனினும் பாடம் ஒன்றே. களப்பணியாளர் மூலிகையின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, அதைப் பக்குவப்படுத்தும் முறையை எழுதாமல் வந்தால், கொண்டுவந்த செய்தியில் பாதி வழியிலேயே சிந்திவிடுகிறது.

வட்டத்தின் அளவு

சோதனைத் தட்டில் மூலிகை வில்லைக்கு அருகே ஜென்டாமைசின் போன்ற மருந்து தோய்ந்த வில்லை ஒன்றையும் ஒப்பீட்டுக்காக வைப்பது வழக்கம். இரண்டின் வட்டங்களும் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருந்தால், மூலிகை அம்மருந்துக்கு நிகரானது என்று எழுதிவிடுபவர் பலர். ஜென்டாமைசின் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். மூலிகை வில்லையில் 10 மில்லிகிராம் வடிசாரம் ஏற்றப்பட்டிருந்தால் அது ஆயிரம் மடங்கு. ஆயிரம் பேர் சேர்ந்து நகர்த்திய பாறையை ஒருவர் தனியே நகர்த்தினால் இரு சாராரும் சமவலிமை உடையவர் என்று எவரும் சொல்லார்.

மேலும், எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்கள் ஈரமான ஆகாரில் எளிதில் பரவுவதில்லை. வலிமை மிகுந்த பொருளும் பரவ இயலாமல் சிறு வட்டம் காட்டலாம். வலிமை குறைந்த பொருள் நன்கு பரவிப் பெரிய வட்டம் காட்டலாம். கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருள்களில் உள்ள டானின்கள் புரதங்களைத் திரியச் செய்வன. தட்டில் அவை எளிதில் வட்டம் காட்டிவிடுகின்றன. கரைப்பானே வட்டம் உண்டாக்குவதும் உண்டு. ஆதலால் கரைப்பானை மட்டும் ஏற்றிய வில்லை இல்லாத சோதனையை நம்புவதற்கில்லை.

இக்காரணங்களால் விஞ்ஞானிகள் வட்டத்தை முதற் சல்லடையாக மட்டுமே கொள்வர். அடுத்து வருவது, வடிசாரத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்க்கச் செய்து, பாக்டீரியாவைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் காணும் சோதனை. வலென்சியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரியோஸ், ரெசியோ ஆகிய இருவர் 2005இல் இதைப்பற்றி ஒரு வரம்பு கூறினர். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்பட்ட செறிவில்தான் ஒரு வடிசாரம் வேலை செய்கிறதென்றால், அதைப் பயனுள்ள திறனாகக் கொள்ள வேண்டாம். 100 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால் கவனிக்கத்தக்கது என்பது அவர்களது அபிப்பிராயம்.

இந்த வரம்பின் நியாயத்தை மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு வடிசாரம் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில் பாக்டீரியாவைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதனின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். அதில் அச்செறிவை எட்ட 25 கிராம் வடிசாரம் சிறிதும் சிதையாமல் ஒரே நேரத்தில் இரத்தத்தில் நிற்கவேண்டும். 100 கிராம் உலர்ந்த இலையில் 10 கிராம் வடிசாரம் இறங்குமானால், கால் கிலோ உலர் இலையின் சாரம் அது. ஒரு வேளைக்கு இவ்வளவு! ஈரலும் சிறுநீரகமும் அதைத் தாங்கா. தோலின்மேல் பூசும் மருந்துக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். பூசும் இடத்தில் அதிகச் செறிவை எட்டுவது எளிது.

பாக்டீரியாக்களும் ஒரே இனத்தவை அல்ல. தோல் புண்களில் சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் போன்றவை தாவரச் சாரங்களுக்கு ஓரளவு இணங்குகின்றன. குடலில் வாழும் எஸ்கெரிஷியா கோலி போன்றவற்றுக்குப் புறத்தே இன்னொரு சவ்வு உண்டு. பல தாவரப் பொருள்கள் அதைக் கடப்பதில்லை. இரணஜன்னிக்குக் காரணமான பாக்டீரியாவோ காற்றுள்ள இடத்தில் வளராது. திறந்த தட்டில் செய்யும் சோதனை அதைப்பற்றி எதையும் கூறாது. துருப்பிடித்த ஆணி குத்திய காலில் பச்சிலை கட்டியவருக்கு மேற்புறத்துச் சீழ் குறையலாம்; ஆழத்தில், மண்ணோடு சென்ற இரணஜன்னிக் கிருமியின் வித்துகள் காத்திருக்கும். தடுப்பூசியே அதற்கு முதன்மையான காப்பு. பச்சிளங் குழந்தையின் கொப்பூழ்க் கொடியில் சாம்பலும் இலைச்சாறும் பூசும் பழக்கத்தால் எத்தனையோ குழந்தைகளை நாடு இழந்திருக்கிறது. கருவுற்ற தாய்மார்களுக்குத் தடுப்பூசியும், சுத்தமான பிரசவமும் பரவிய பிறகே, தாய்சேய் இரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டது என்ற நிலை 2015இல் எய்தப்பட்டது.

மரோட்டியும் மரமஞ்சளும்

தட்டுச் சோதனை தவறவிடும் உண்மைகளும் உண்டு. மலையாளத்தில் மரோட்டி என்றும் தமிழில் நீரடிமுத்து என்றும் வழங்கும் மரத்தின் விதையெண்ணெய், கேரளத்தில் விளக்கெரிக்கவும் பயன்பட்டது. தொழுநோய்க்கு மருந்தாகவும் பயன்பட்டது. இதன் இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெயை 1854இல் மௌவாட் என்ற மருத்துவர் மேனாட்டு வைத்தியத்துக்கு அறிமுகம் செய்தார். குடித்தால் குமட்டும், ஊசியால் செலுத்தினால் கட்டிக்கொள்ளும். 1915இல் ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்ற இளம் இரசாயன ஆசிரியை அதன் அமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றி, உடலில் எளிதில் சேரும்படி செய்தார். அடுத்த ஆண்டே, 24 வயதில் அவர் மறைந்தார். 1920இல் வாக்கர், ஸ்வீனி ஆகியோர் இவ்வமிலங்கள் காசநோய்க் கிருமியின் குலத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களைக் குறிப்பாக ஒடுக்குவதைக் காட்டினர். சாதாரணப் பாக்டீரியாவைத் தடவிய தட்டில் மட்டும் இந்த எண்ணெயைச் சோதித்திருந்தால் அதன் சிறப்பு புலப்பட்டிராது. தொழுநோய்க் கிருமியோ, 1873இல் ஹான்சன் அதைக் கண்டதிலிருந்து இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளர மறுத்து வருகிறது. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தபின் மரோட்டி எண்ணெய் ஒதுங்கிக்கொண்டது. தொழுநோய்க்கு இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையே முறையானது. அது அரசினரால் இலவசமாக வழங்கப்படுகிறது.

மரமஞ்சளின் செய்தி இதனினும் வியப்பானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் படரும் இக்கொடியிலும், இமயமலைப் பகுதியின் தாருஹரித்திரா என்னும் முட்செடியிலும் பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உள்ளது. பெர்பெரினைத் தனியே பிரித்துச் சோதித்தால் ஸ்டாபிலோகாக்கஸின்மேல் அதன் வலிமை சொற்பமே. பாக்டீரியா தன் சுவரில் உள்ள இறைப்பான் போன்ற அமைப்பினால் அதை உடனுக்குடன் வெளியே இறைத்துவிடுவதுதான் காரணம். 2000ஆம் ஆண்டு ஸ்டெர்மிட்ஸ், லூயிஸ் முதலானோர், தாருஹரித்திராவின் இனச் செடிகளில் அந்த இறைப்பானை அடைக்கும் வேறொரு பொருளும் இருப்பதைக் கண்டனர். அப்பொருளுக்குத் தனியே எந்தத் தடைத்திறனும் இல்லை. பெர்பெரினுடன் சேர்ந்தபோது அதன் ஆற்றலைப் பன்மடங்கு உயர்த்தியது. ஹிட்னோகார்பின் வகையைச் சேர்ந்த அது, அதற்கு முன்னரே சால்மூக்ரா எண்ணெயில் சிற்றளவில் காணப்பட்ட பொருளே என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. முழுச்சாறு வேலை செய்து, பிரித்தெடுத்த பொருள் வேலை செய்யாமற்போகும்போது வைத்தியரைக் குறைகூறுவதற்கு முன் இந்தக் கண்டுபிடிப்பை நினைவுகூர்தல் தகும்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு இன்று அவசரமும் ஏற்பட்டுள்ளது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று 2022இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. புதிய மருந்துக்கோ, பழைய மருந்தின் ஆற்றலை மீட்டுத்தரும் துணைப்பொருளுக்கோ தாவரங்களை நாடுவது வீண்முயற்சியன்று.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

ஆனால் நாடுவோர் மிகும்போது காடு மெலிகிறது. மரமஞ்சள் கொடி முதிர்ந்து பயன் தர நெடுங்காலமாகும். தண்டை வெட்டினால் கொடி போயிற்று. இலையிலேயே வேண்டிய பொருள் கிடைக்குமானால் வேரைத் தோண்டலாகாது. பட்டையைச் சுற்றிலும் உரிக்கலாகாது. சோதனைக்கு வேண்டியவை சில நூறு கிராம்களே.

மூலிகையறிவைத் தந்தவரை மறப்பதும் கூடாது. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவினருக்கு வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர், தாம் களைப்புத் தீர உண்ணும் ஆரோக்கியப்பச்சையின் காயை அவர்களுக்கும் கொடுத்தனர். அதிலிருந்து பாலோடு நிலையத்தார் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு உரிமம் வழங்கினர். உரிமத்தொகை 10 இலட்சம் ரூபாய். அதிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களின் அறநிலையத்துக்கு என்று முடிவாயிற்று. அவ்வறநிலையம் 1997இல் பதிவுபெற்றது. நடைமுறையில் குறைகள் பல தோன்றினாலும், உலகில் இவ்வகையில் முன்னோடியாகப் பேசப்படும் ஏற்பாடு இது. 2002ஆம் ஆண்டு உயிரியற் பல்வகைமைச் சட்டம் வந்தபின் இத்தகைய பங்கீடு சட்டத்தின் பொருளாகவும் ஆகிவிட்டது.

தனுவச்சபுரத்தில் 1964இல் நிறுவப்பட்ட வேலுத்தம்பி நினைவு என். எஸ். எஸ். கல்லூரியைப் போன்ற கல்லூரிகள் பல கிராமப்புறங்களில் உள்ளன. தேர்ந்த ஆசிரியரின் மேற்பார்வையில், கிருமி நீக்கும் கருவிகள் உள்ள சோதனைச்சாலையில் தட்டுச் சோதனை செய்வது தகும். பள்ளிகளில் அது தகாது. புண்ணிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ பாக்டீரியாவை எடுத்து வகுப்பறையில் வளர்ப்பது விபரீதமாக முடியக்கூடும்.

பள்ளிக்கு ஏற்ற சோதனை அடுக்களையிலேயே இருக்கிறது. பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாவே. காய்ச்சி இளஞ்சூட்டுக்கு ஆறிய பாலை நான்கு கிண்ணங்களில் சம அளவாக ஊற்றவேண்டும். முதற் கிண்ணத்தில் ஒரு சிறு கரண்டி உறைமோரும் அதே அளவு தண்ணீரும் இடுக. இரண்டாவதில் உறைமோரும், பச்சைப் பூண்டை நசுக்கிப் பிழிந்த சாறும். மூன்றாவதில் உறைமோரும், முழுதாக வேகவைத்த பின் நசுக்கிய பூண்டின் சாறும். நான்காவதில் பச்சைப் பூண்டுச் சாறு மட்டும், உறைமோர் இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மூடிவைத்து, அரைமணிக்கு ஒருமுறை கிண்ணத்தை மெல்லச் சாய்த்துப் பார்த்து, எது எப்பொழுது உறைந்தது என்று மாணவர்களே பட்டியல் எழுதட்டும். முதற் கிண்ணத்துக்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு சாற்றின் விளைவைக் காட்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு வெப்பத்தின் விளைவைக் காட்டும். சாறு தானாகவே பாலைத் திரியச் செய்கிறதா என்பதை அறியவே நான்காவது கிண்ணம். அது இல்லாமற்போனால் மற்ற மூன்றின் முடிவையும் நம்ப இயலாது. மறுநாளும் வேறு பாலில் இதைத் திரும்பச் செய்தல் வேண்டும். முதல் நாளின் பட்டியலை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே இரண்டாம் நாளின் நேரங்களையும் எழுதுக. சோதனை முடிந்தபின் நான்கு கிண்ணங்களிலுள்ள பாலையும் கொட்டிவிடவேண்டும், எவரும் பருகலாகாது.